கோல்ஃப் கிளப் சந்தா: மொத்தமாகவா, தவணையிலா?

நண்பர்களே, ஒரு முடிவுக்கு வர முடியாமல் தவிக்கிறேன். நான் விளையாடும் கோல்ஃப் கிளப்பில் ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டும். மொத்தமாகச் செலுத்தலாம்; அல்லது அடுத்த மாதம் தொடங்கி 12 தவணைகளில் கட்டலாம், ஆனால் 10 சதவீதம் கூடுதல்.

பத்துதானே என்று முதலில் நினைத்தேன். கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது: பாக்கி மாதந்தோறும் குறைந்துகொண்டே வருவதால், உண்மையான ஆண்டு வட்டி ஏறக்குறைய 18 சதவீதம்! என் சேமிப்புக்குக் கிடைக்கும் வட்டி அதற்குப் பக்கத்தில்கூட வராது.

அப்படியானால் மொத்தமாகக் கட்டிவிடலாமே என்பீர்கள். அறுவை சிகிச்சை செய்த முழங்கால்தான் தயங்க வைக்கிறது. நடுவில் ஆட முடியாமல் போனால் பணம் திரும்பக் கிடைக்குமா? தவணையிலும் நிம்மதி இல்லை. வசூலிப்பது கிளப் அல்ல, ஒரு நிதி நிறுவனம். இடையில் விலகினாலும் மீதித் தவணைகளைக் கட்டியே ஆக வேண்டும் என்று படிவத்தில் ஒரு வரி இருக்கிறது.

காயத்தால் உறுப்பினர் உரிமையை நிறுத்திவைத்தவர்கள் இங்கே உண்டா? மீதிப் பணம் அடுத்த ஆண்டுக் கணக்கில் சேர்க்கப்பட்டதா? கிளப்பிடமே பேசி, வட்டியில்லாமல் இரண்டு தவணைகளாகக் கட்டியவர்கள் யாரிடம், எப்படிக் கேட்டீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். மாத இறுதிக்குள் நான் பதில் தர வேண்டும்.