மறு: செல்லுக்குச் செல் நடுவே வைக்கும் தாள் – ‘பிரிப்பான்’ வேண்டாமே

அன்பர்களே, வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன்.

பெட்டரிப் பேக்கில் செல்களுக்கு நடுவே வைக்கும் மின்கடத்தாத தாளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையை மூன்று வாரமாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ‘பிரிப்பான்’ என்று முடித்துச் சொற்பட்டியல் கோப்பில் ஏற்றிவிடலாம் என நேற்று ஒருவர் எழுதியதும் கை சும்மா இருக்கவில்லை. நான் மொழி படித்தவன் இல்லை. கடைவீதியில் மோட்டார் சைக்கிளுக்கும் சூரிய விளக்குக்கும் பெட்டரி பழுது பார்க்கிறேன். இந்தத் தாளை நாள்தோறும் கத்தரிக்கோலால் வெட்டுகிறவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். என் மேசையில் ஒரு 18650 வகை லித்தியம் செல் கிடக்கிறது. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் உயரம். மேல்முனை நேர், அடிமுனை எதிர் என்று பள்ளியில் படித்ததோடு நிறுத்திக்கொண்டால் ஆபத்து. சுற்றியிருக்கும் உலோகக் கூடு முழுக்கவே எதிர்முனைதான். அந்தக் கூடு மேலே ஏறி, தோள்போல் மடிந்து, நேர்முனைப் பொட்டுக்கு வெகு பக்கத்தில் வந்து நிற்கிறது. தோளை மறைப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒன்றுதான். பொட்டில் பற்றவைத்த நிக்கல் பட்டை அந்தத் தோளைத் தாண்டித்தான் அடுத்த செல்லுக்குப் போகவேண்டும். உறை தேய்ந்தால் பட்டை தோளில் உட்காரும். செல் தன்னைத் தானே கடித்துக்கொள்ளும். அதற்காகத்தான் செல்லின் தலையில் ஒரு வளையத் தாள், வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே ஒரு நீளத் தாள்.

இனி ‘பிரிப்பான்’. அந்தப் பெயரில் செல்லுக்கு உள்ளேயே ஒருவர் குடியிருக்கிறார். பாலிஎத்திலீனோ பாலிபுரோப்பிலீனோ கொண்டு, சுமார் 20 மைக்ரான் கனத்தில், கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு செய்த படலம் அது. இரண்டு மின்முனைகளும் தொட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டே, அயனிகளுக்கு மட்டும் வழி விடும். சூடு 130 பாகையை ஒட்டிப் போனால் பாலிஎத்திலீன் உருகித் துளைகளை அடைத்துவிடும், செல் ஓய்ந்துவிடும். அவ்வளவு சூட்சுமமான வேலை. வழி விடுவதற்கென்றே பிறந்த பொருளுக்கும், எதற்கும் வழி விடவே கூடாத பொருளுக்கும் ஒரே பெயரா? ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கிறார்கள் என்றால் அது அவர்கள் தலைவலி. நாம் ஏன் காசு கொடுத்து வாங்கவேண்டும்?

> ‘மின்காப்பான்’ பாடநூலில் உள்ள சொல். அதையே எடுத்துக்கொண்டால் என்ன குறை?

சென்னை ஐயாவின் கேள்வி. குறை சொல்லில் இல்லை, அது எதைக் கவனிக்கச் சொல்கிறது என்பதில் இருக்கிறது. 13 செல் தொடராக இணைத்த பேக்கை முழுக்க ஏற்றினாலும் 54.6 வோல்ட்தான். உலர்ந்த காற்றே ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3,000 வோல்ட் தாங்கும். மின்சாரத்தை மட்டும் நிறுத்தவேண்டுமென்றால் பள்ளிக்கூட நோட்டுப் புத்தக அட்டையே போதும். நம் பேக்குக்கு எமன் வேறு: உரசல், ஊசிபோன்ற வெல்டிங் பிசிறு, சூடு, ஈரம். ‘மின்காப்பான்’ என்று படித்த பையன் மீட்டரை வைத்துத் தொட்டுப் பார்த்து, கடத்தவில்லை, சரி என்று போய்விடுவான். சட்டைப் பெட்டி அட்டையை வெட்டி வைத்த பேக்குகளை நான் பார்த்திருக்கிறேன். எல்லாம் மீட்டரில் தேறியவை.

இலங்கை அண்ணன் சொன்ன ‘காவலி’ எனக்கும் ஆசையான சொல். ஆனால் உங்கள் பாடநூல்களில் அது கண்ணாடி, பீங்கான், ரப்பர் என மின்சாரம் கடத்தாத எல்லாவற்றுக்குமான பொதுப்பெயராயிற்றே. அது அந்த உயரத்திலேயே இருக்கட்டும். நாம் தேடுவது ஒரு வேலைக்கான பெயர்.

> பிஷ் பேப்பரை ‘மீன் தாள்’ என்று எழுதலாமா?

வேண்டவே வேண்டாம். பிஷ் பேப்பர் என்பது நாம் வெட்டும் இந்தத் தாளின் ஆங்கிலப் பெயர்களில் ஒன்று. இந்தத் தாளின் பெயர் ஏற்கெனவே ஒருமுறை என்னைக் கவிழ்த்திருக்கிறது.

ஈப்போவில் உதிரிப்பொருள் கடைக்காரர் இதை ‘பார்லி பேப்பர்’ என்பார். அதில் பார்லியும் இல்லை, மீனும் இல்லை. நான் முதல்முதலாக வாங்கிய சுருளின் ஒட்டுச்சீட்டில் மூன்றாவதாக ஒரு பெயர்: ‘வல்கனைஸ்டு பைபர்’. நான் கித்தாக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், வளர்ந்தவன். அப்பா பால் வெட்டினார், அம்மா பால் வடியும் மங்குக் கிண்ணம் துடைத்தார். வல்கனைஸ் என்றால் எங்களுக்குக் கந்தகம் போட்டு வேகவைத்த ரப்பர், டயர், தண்ணீர் ஏறாது. அந்த நம்பிக்கையில் பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் கடை போடும் ஓர் அக்காவுக்கு விளக்கு பேக் கட்டிக் கொடுத்தேன். மூன்று தொடர், தொடருக்கு ஆறு செல். தாள்தான் ரப்பராயிற்றே என்று வெளிப்பெட்டியின் மூடிக்குச் சிலிக்கோன்கூடத் தடவவில்லை.

இரண்டு மழைக்காலம் தாங்கியது. பிறகு ஒரு நாள் விளக்கு மங்கி, பெட்டியிலிருந்து கருகல் வாடை. திறந்து பார்த்தேன். வளையங்கள் ஈரத்தில் ஊதி, அப்பளம்போல் ஓரம் சுருண்டு, பசை விட்டுக் கழன்றிருந்தன. ஒரு வளையம் ஒரு பக்கமாக நழுவிக் கிடந்தது. மோட்டாரின் பின்னால் வாரம் ஐந்து சந்தை சுற்றியதில் நிக்கல் பட்டை உறையை அரிவாள்போல் அறுத்து, தோளைத் தொட்டு, சிவந்து, தானே அறுந்திருந்தது. அறுந்ததால் பிழைத்தோம். தோளில் எள்ளளவு கறுப்புப் புள்ளி. அந்தச் செல்லை இன்னும் வைத்திருக்கிறேன், வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்களுக்குக் காட்ட.

பிறகுதான் தேடிப் படித்தேன். அது பருத்திக் கந்தலில் செய்த தாள். பல அடுக்குத் தாள்களைத் துத்தநாகக் குளோரைடுக் கரைசலில் நனைத்து, ஒன்றோடொன்று உருகி ஒட்டவைத்து, உப்பு போகக் கழுவி அழுத்திக் காயவைப்பார்கள். இங்கிலாந்தில் 1859-ல் தாமஸ் டெய்லர் என்பவர் காப்புரிமை வாங்கிய முறை. கந்தகம் துளியும் கிடையாது. கிழியாது, உரசலைத் தாங்கும், தீயில் உருகி ஒழுகாமல் கரியும். கத்தரிக்கோலால் வெட்டவும் வரும், நன்றாக மடியும். ஆனால் பிறப்பில் தாள், ஆகவே தண்ணீர் குடிக்கும். நம் ஊர்க் காற்றில் இதைவிட முக்கியமான செய்தி இல்லை, அதைத்தான் பெயர் மறைத்தது. ஆகவே பொருளுக்கு ‘கெட்டிப் பருத்தித்தாள்’ என்று எழுதுங்கள் என்பேன். பருத்தி என்று கேட்டதுமே ஈரம் நினைவுக்கு வரும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மஞ்சள் பாலிஇமைடு ஒட்டுநாடா 260 பாகை வரை அசராது, ஆனால் 25 மைக்ரான் கனத்தில் பிசிறு ஒன்று கீறிவிட்டால் கடைசிவரை கிழியும். தாளுக்கு மேல் இன்னொரு சுற்றாக மட்டும் போடுங்கள். பெரிய அலுமினியக் கூட்டு இரும்புப் பாஸ்பேட் செல்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் கண்ணாடியிழை எப்பாக்சித் தகடுதான் சரி. செல் உப்பி அழுத்தினாலும் நசுங்காது, செல்லைச் சுற்றி வரும் நீல உறையை மட்டும் நம்பக் கூடாது. காக்காப்பொன் தகடு நெருப்புக்கு நிற்கும், மடித்தால் பொரியும். பிளாஸ்டிக் நெளி அட்டை விளம்பரப் பலகைக்கு நல்லது.

இனி நான் கொண்டுவந்த சொல்: ‘தடுக்கு’.

தோட்டக் குடியிருப்பான லயத்தில் பாட்டி தென்னோலையில் பின்னிய தடுக்கில்தான் எங்களை உட்காரவைத்துச் சோறு போடுவார். ஈரத் தரைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு மெல்லிய தட்டையான பொருள். வேலையும் வடிவமும் அப்படியே பொருந்துகிறது, உள்ளே ‘தடு’ என்ற வினையும் தெரிகிறது. நீ தடுக்கின் கீழ் நுழைந்தால் நான் கோலத்தின் கீழ் நுழைவேன் என்கிற பழமொழிகூட மின்சாரத்தைப் பற்றிச் சொன்னதுபோலவே இருக்கிறது. சின்ன இடுக்கு கிடைத்தால் போதும், புகுந்துவிடும்.

சொல் இணைப்புக்கும் வளைந்து கொடுக்கும்: பருத்தித்தடுக்கு, இழைத்தடுக்கு, காக்காப்பொன் தடுக்கு. ‘தடுக்கி விழுவது நினைவுக்கு வராதா’ என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். வரட்டுமே. மெயின் சுவிட்சு ‘டிரிப்’ ஆகிவிட்டது என்று நாம் சொல்கிறோமே, அதுவும் தடுக்கி விழுவதுதான்.

புழக்கத்தில் இல்லாத பாட்டி காலத்துச் சொல் என்பவர்களுக்கு ஒன்று. 1858-ல் அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கம்பி இறக்கியபோது அதற்குப் போர்த்திய உறை இந்த வட்டாரக் காட்டு மரத்துப் பால். மலாய்க்காரர் ‘கெத்தா பெர்ச்சா’ என்றதை ஆங்கிலம் அப்படியே எடுத்துக்கொண்டது. அதே ‘கெத்தா’வைத்தான் நம் பெரியவர்கள் ‘கித்தா’ ஆக்கினார்கள். எந்தக் குழுவும் கூடி முடிவெடுக்கவில்லை; வாயில் நின்றது, சொல்லாயிற்று.

கோப்புக்கு என் வரி இது. தடுக்கு: பெட்டரிப் பேக்கில் செல்களுக்கு இடையிலும், பட்டைக்கும் கூட்டுக்கும் இடையிலும் வைக்கும், மின்சாரம் கடத்தாத, உரசலும் சூடும் தாங்கும் தாள் அல்லது தகடு. செல்லின் உள்ளே இருப்பது: பிரிப்பான்.

தலையில் ஒட்டும் வளையத்துக்கு மட்டும் என்னிடம் தனிச்சொல் இல்லை. ‘வளையத் தடுக்கு’ என்றுதான் எழுதிவைத்திருந்தேன். நேற்று மாலை கடைப் பையனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவன் அம்மா, மேசைமேல் கிடந்த வளையத்தை விரலில் மாட்டிப் பார்த்து, ‘என்ன தம்பி, செல்லுக்குச் சும்மாடு வைக்கிறீங்களா?’ என்றார். தலைக்கும் சுமைக்கும் நடுவே வைக்கும் அதே வளையம். பையனுக்குச் சும்மாடு என்றால் என்னவென்று தெரியவில்லை. துண்டைச் சுருட்டி அவர்தான் காட்டினார். அன்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?