புதுப்பிப்பு: ஒப்பந்தச் சட்டம் பிடிபட்டுவிட்டது

பினாங்கில் வணிகவியல் படிக்கும் எனக்கு ஒப்பந்தச் சட்டம் மனத்தில் நிற்கவில்லை என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. ‘குறிப்புகளை மூடிவைத்துவிட்டு மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தையே படி, தம்பி’ என்று ஓர் அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது. படிக்க அட்டைகள் எழுதிக்கொண்டேன்: முன்பக்கம் சட்டத்தின் ஒரு பிரிவு, பின்பக்கம் அதற்கான ஒரு வழக்கு.

எதிர்பாராதது: காணொளிகளைப் பார்த்து நான் உருப்போட்டிருந்தது இங்கிலாந்து விதி! அங்கே, வாக்குறுதிக்கு முன்பே செய்து முடித்த செயல் பொதுவாக மறுபயன் (வாக்குறுதிக்கு ஈடாகத் தரப்படுவது, consideration) ஆகாது. மலேசியாவில் ஆகும். வாக்குறுதி தருபவர் கேட்டுக்கொண்டபடி ஏற்கெனவே ‘செய்திருந்தால்’ போதும் என்கிறது பிரிவு 2(டி). அந்த ஒரு சொல்லைப் பச்சை மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். இதையே உறுதிசெய்த கெப்போங் புரோஸ்பெக்டிங் எதிர் ஷ்மிட் வழக்கை (1968) அவசியம் சேர்த்துப் படியுங்கள். இடைத்தேர்வில் இதே கேள்வி வந்தது. 20க்கு 16 கிடைத்தது.