மன்னிப்புக் கேட்க அந்த நபரே இல்லாதபோது மனந்திரும்புதல் எப்படி?

சகோதர சகோதரிகளே, ஒரு விஷயத்தில் உங்கள் உதவி வேண்டும். பல வருஷங்களுக்கு முன்னால் நான் சொன்ன ஒரு பொய்யால் நண்பர் ஒருவரின் வேலை போனது, உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வருவதற்குள் அவர் இறந்துவிட்டார். ஜெபத்தில் எத்தனையோ முறை அறிக்கையிட்டுவிட்டேன். பாவங்களை அறிக்கையிட்டால் தேவன் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9 எனக்கு மனப்பாடம், இரட்சிப்பு கிருபையினாலேதான், கிரியைகளால் அல்ல என்பதையும் முழு மனதோடு நம்புகிறேன். ஆனாலும் லூக்கா 19-இல் வரி வசூலிப்பவனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) திரும்பச் செலுத்துவேன் என்று சொல்கிற இடம் வரும்போதெல்லாம் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. நான் யாருக்குத் திருப்பிக் கொடுப்பது?

எண்ணாகமம் 5:8-இல், ஈட்டை வாங்கிக்கொள்ள உறவினர் யாரும் இல்லையென்றால் அது கர்த்தருக்கு, ஆசாரியனிடம் போகும் என்று இருக்கிறது. அப்படியானால் உறவினர் இருந்தால் அவர்களுக்குத்தானே? நண்பரின் மனைவி இருக்கிறார், அவருக்கு இது எதுவும் தெரியாது. இப்போது போய்ச் சொன்னால் என் பாரம் இறங்கும், ஆனால் அவருக்குப் புதிதாக ஒரு காயம், அதுதான் பயமாக இருக்கிறது.

அப்புறம் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸும் மனஸ்தாபப்பட்டான், அவரை மறுதலித்த பேதுருவும் மனங்கசந்து அழுதான். 2 கொரிந்தியர் 7:10 சொல்லும் இரண்டு துக்கங்களில், மனந்திரும்புதலுக்கு நடத்தும் தேவனுக்கேற்ற துக்கமா, மரணத்துக்கு நடத்தும் லௌகிக துக்கமா, என்னுடையது எது?

இப்படி ஒரு நிலையைக் கடந்து வந்தவர்கள், போதகர்கள் யாராவது இருந்தால் என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள், அந்த அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா?