பிரெக்ஸிட் ஓட்டு: இன்னும் உறுத்துகிற சம்பவம் ஏதாவது உண்டா?

முசிறிக்காரன்

முன்கதை வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரிட்டன் இருப்பதா, வெளியேறுவதா என்று ஓட்டு நடந்த 2016 ஜூன் எப்படி இருந்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒன்றியத்துக்கு வாரத்துக்கு 35 கோடி பவுண்ட் அனுப்புகிறோம் என்று எழுதிய சிவப்புப் பஸ், எந்த சேனலைத் திருப்பினாலும் வெளியேறு என்று பிரசாரம் செய்த ஃபராஜ், ஆபீஸில் ஒருவரும் வாய் திறக்காத மதியச் சாப்பாடு. நான் அப்போது கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில். வேலை விசாவில் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் ஒரு இலங்கைக் கடை. கல்லாவில் இருக்கும் அக்காவுக்கு ஹாலந்து பாஸ்போர்ட். 2003லேயே குடும்பத்தோடு லண்டன் வந்துவிட்டவர். ரிசல்ட் வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சின்ன வெங்காயம் வாங்கப் போனேன். நிறுத்துக்கொண்டே கேட்டார்:

"தம்பி, உங்களுக்கு வோட் இருந்ததோ?"

"இருந்தது அக்கா." இந்தியா, இலங்கை போன்ற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் இங்கே வசித்தால் போடலாமே.

"பாருங்கோ, போன மாசம் மேயருக்குப் போட்டனான். இதுக்கு எனக்கு இல்லையாம். சிலோன் பாஸ்போர்ட்டை விடாமல் வைச்சிருந்தால் போட்டிருப்பன்." சிரித்தார். "நீங்கள் எதுக்குப் போட்டனீங்கள்?"

"மழை அக்கா. போகவில்லை."

பொய். காலை ஏழரைக்கே குடை பிடித்துக்கொண்டு போய் 'வெளியேற வேண்டும்' கட்டத்தில் குறி போட்டிருந்தேன். இறையாண்மை, மீன்பிடி, பிரஸ்ஸல்ஸ் எதுவும் காரணமில்லை. காரணம் அந்த அக்காவின் அம்மா. கல்லாவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டிருப்பார். அப்போது ஒன்றியத்துப் பாஸ்போர்ட் இருந்தால், தங்களைச் சார்ந்திருக்கிற அப்பா அம்மாவை ஒன்றியச் சட்டப்படி இங்கே கூட்டிவரலாம். மற்றவர்களுக்கு 2012ல் விதியை இறுக்கியதிலிருந்து அது கிட்டத்தட்ட நடக்காத காரியம். என் அம்மா முசிறியில் தனியாக. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டுத்தான் இட்லி மாவு வாங்கி வருவேன். என் அரசியல் அவ்வளவுதான்.

அன்றைக்கு வெங்காயத்துக்கு அவர் காசு வாங்கவில்லை. "பவுண்ட் விழுந்திட்டுதாம். ஊருக்குக் காசு அனுப்புற உங்களுக்கும் கஷ்டம்தானே" என்றார்.

ரப்பர்

மழை என்று சொன்னது நம்பக்கூடிய பொய்தான். அன்று கிழக்கு லண்டனில் கொட்டித் தீர்த்தது. எனக்கு நன்றாகத் தெரியும், ரோம்ஃபோர்ட் பக்கம் ஒரு வாக்குச்சாவடியில் வேலை. 7 மணிக்குத் திறந்து ராத்திரி 10க்கு மூடுகிறவரை நனைந்த கோட்டுகளின் வாடை.

பென்சில் கதை ஞாபகம் இருக்கிறதா? பென்சிலால் போட்டால் உளவுத்துறை ராத்திரியோடு ராத்திரியாக அழித்து மாற்றிவிடும் என்று ஒரு வதந்தி. எங்கள் சாவடியில் ஒரு பெரியவர் சட்டைப்பையிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்து, "தடுக்கப் போகிறாயா?" என்பதுபோல என் மூஞ்சிக்கு நேரே காட்டினார். பேனாவுக்குத் தடையே கிடையாது. "தாராளமாகப் போடுங்கள் சார்" என்றேன். சண்டைக்குத் தயாராக வந்தவருக்கு அது ஏமாற்றம். போட்டு முடித்துத் திரும்பும்போது வரிசையில் நின்ற ஒரு அம்மாவிடம் பேனாவைக் கொடுத்தார். அவர் இன்னொருவரிடம். அந்தப் பேனா சாயங்காலம் வரை கைமாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பையன் அதை என் மேஜையில் வைத்துவிட்டு, "இது யாருடையது?" என்று கேட்டான்.

எங்கள் பகுதியான ஹேவரிங்கில் 69.7 சதவீதம் வெளியேறத்தான். நான் எதற்குப் போட்டேன் என்று கேட்காதீர்கள், சாவடியில் வேலை பார்த்தவர்கள் சொல்ல மாட்டோம். பேனா என் டிராயரில் இருக்கிறது. இன்னும் எழுதுகிறது.

ஹாரோ அங்கிள்

முசிறித் தம்பி, இதில் வெட்கப்பட என்ன இருக்கு? நானும் வெளியேறத்தான் போட்டேன், ஒளிக்காமல் சொல்லுறேன். 1986ல் வந்தவன். ஒவ்வொரு விசாவுக்கும் லைனில் நின்று, நேர்காணல் கொடுத்து, வக்கீலுக்குக் காசு கட்டினவன். 2004க்குப் பிறகு கிழக்கு ஐரோப்பாவில் ஒருத்தன் பஸ்ஸில் ஏறி விக்டோரியாவில் இறங்கினால் அடுத்த நாள் வேலை. அது நியாயமோ? அதோடு அப்போ அமைச்சரா இருந்த பிரீத்தி பட்டேல் சொன்னா, ஒன்றியத்தை விட்டால் எங்கட பக்கத்துச் சமையல்காரருக்குக் கதவு திறக்கும், கறி உணவகங்கள் பிழைக்கும் என்று. என்ர மச்சானுக்கு ரெஸ்டோரன்ட். நம்பினம்.

சம்பவம் என்று கேட்டால், மகள். அவவுக்கு அப்போ 17, ஓட்டு இல்லை. ராத்திரி முழுக்க டிவிக்கு முன்னால். சண்டர்லேண்ட் ஊர் வெளியேறும் பக்கம் என்று ரிசல்ட் வந்ததுமே அவவுக்கு விளங்கிவிட்டது. விடிய நாலே முக்கால் போல பி.பி.சி.யில் டிம்பிள்பி முடிவைச் சொல்ல, நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு போய், "சாப்பிடுறியோ பிள்ளை?" என்றேன். "ஐ ஆம் ஃபைன், டாட்." அதுவரைக்கும் வீட்டில் என்னோடு தமிழில் மட்டும் கதைத்த பிள்ளை. தாயோடு இப்பவும் தமிழ்தான். என்னோடு இங்கிலிஷ்.

ஆனால் ஓட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான்.

வார்டு ராத்திரி ஷிஃப்ட்

அங்கிள், அந்தக் கதவு திறந்ததா? 2024 ஏப்ரலில் வேலை விசாவுக்குச் சம்பள வரம்பை 38,700 பவுண்ட் ஆக்கினார்களே, எந்தச் சமையல்காரருக்கு அவ்வளவு கொடுப்பார் உங்கள் மச்சான்? மகள் விஷயத்தில் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

நான் நர்ஸ். அப்போது லிங்கன்ஷயரில் ஒரு ஆஸ்பத்திரி. பாஸ்டன் பக்கம் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள், 75.6 சதவீதம் வெளியேறத்தான். சுற்றிலும் முட்டைக்கோஸ் வயல், அதில் வேலைக்கு வந்த போலந்து, லித்துவேனியா ஆட்கள். எங்கள் வார்டில் லித்துவேனியப் பெண் ஒருத்தி உதவியாளர். கை நடுங்கும் ஒரு தாத்தாவுக்கு அவள்தான் தினமும் ஊட்டிவிடுவாள். ரிசல்ட் வந்த வாரம், நான் மாத்திரை கொடுக்கப் போனபோது தாத்தா என் கையைப் பிடித்து, "நீ கவலைப்படாதே கண்ணு, நீங்கள் எல்லாம் எங்கள் ஆட்கள்தான். நாங்கள் சொல்வது இவர்களை" என்றார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று அவருடைய டோஸ்ட்டின் ஓரத்தை வெட்டிக்கொண்டிருந்தாள் அவள். கத்தி நிற்கவில்லை. நாலு ஓரத்தையும் வெட்டி, நாலு துண்டாக்கி, ஜாம் தடவி, முதல் துண்டை அவர் வாயருகே கொண்டுபோனாள். அவரும் வாயைத் திறந்தார்.

நான் "தேங்க்யூ" என்று சொல்லித் தொலைத்தேன். எதற்குச் சொன்னேன் என்று இன்றுவரை புரியவில்லை.

ஹாரோ அங்கிள்

38,700 வைத்தது அரசாங்கம். அதற்கு ஓட்டுப் போட்டவன் என்ன செய்வான்? ஓட்டுச் சீட்டில் இரண்டு கட்டம்தான் இருந்தது பிள்ளை. சமையல்காரர் பற்றி மூன்றாவது கட்டம் இருக்கவில்லை. 17.4 மில்லியன் பேரும் விசரர் என்று கதைப்பதை முதலில் நிப்பாட்டுங்கோ.

60 ரோல்ஸ்

இங்கே யாரும் யாரையும் விசரர் என்று சொல்லவில்லையே அங்கிள். சரி, நான் கொஞ்சம் சிரிப்புக் கதை சொல்கிறேன். எனக்குச் சிரிப்பு இல்லை, மற்றவர்களுக்கு.

2022. பாரிஸில் மச்சாளின் மகளுக்குச் சாமத்திய வீடு, அதாவது பூப்புனித விழா. எங்கள் சனம் பாதி லண்டன், பாதி பாரிஸின் லா ஷப்பல் என்பது தெரிந்ததுதானே. முந்தியெல்லாம் டோவரில் கப்பல் ஏறினால் டிக்கியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அம்மா வழக்கம்போல 60 மட்டன் ரோல்ஸ் செய்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, மேலே ஒரு வாளி தயிர். பிரான்ஸ் பக்கம் கலேயில் இறங்கியதும் எங்கள் காரை ஓரங்கட்டச் சொன்னார்கள். முன்னால் இரண்டு கார் நிற்கிறது, பக்கத்தில் பலகை: இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுவரத் தடை. பிரிட்டன் இப்போது வெளிநாடு. அது எங்கள் யாருடைய மண்டையிலும் உறைக்கவே இல்லை.

மாமா பலகையை வாசித்தார். பெட்டியைத் திறந்தார். "சாப்பிடுங்கோ" என்றார். ஒரு கார் நகர்வதற்குள் ஆறு பேரும் வாய் நிறைய. பட்டுச் சேலையில் தூள் கொட்ட அத்தை சாப்பிட்டா. எப்படித் தின்றாலும் 22தான் முடிந்தது. அதிகாரி வந்து எண்ணாமல் அப்படியே குப்பையில் கொட்டினார், தயிரையும். அம்மா காரை விட்டு இறங்கவில்லை. "பிரெக்ஸிட்" என்று மட்டும் சொல்லித் தோளைக் குலுக்கினார் அந்த ஆள். அதற்கு முதல்நாள் விடிய மூன்று மணிவரை அம்மா அடுப்படியில் நின்றது எனக்குத்தானே தெரியும்.

இதில் மாமா 2016ல் எதற்குப் போட்டார் என்று ஊகியுங்கள். திரும்பி வரும் வழி முழுக்க அம்மா அவரோடு பேசவில்லை.

ஃபைல் மாமா

என் அனுபவம் சின்னது. 2019ல் என் ஜெர்மன் பாஸ்போர்ட் தம்பிக்கு செட்டில்டு ஸ்டேட்டஸ், அதாவது ஒன்றியத்துக்காரர்கள் இங்கே தொடர்ந்து இருப்பதற்கான அனுமதி, போட உட்கார்ந்தோம், ஆப் ஆண்ட்ராய்டில் மட்டும்தான் வேலை செய்தது, அவனிடம் ஐபோன். பக்கத்து வீட்டுப் பையனின் போனை வாங்கிப் போட்டோம். அவ்வளவுதான்.

ஆனால் இதை வாசிக்கிறவர்களுக்காகச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடை அக்கா போன்றவர்கள் 2021 ஜூன் 30க்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். விட்டவர்கள் தகுந்த காரணம் காட்டினால் இப்போதும் முயற்சி செய்யலாம், ஆனால் சும்மா மறந்துவிட்டேன் என்றால் எடுபடாது. ஐந்து வருடம் முடியாமல் ப்ரீ-செட்டில்டு என்ற தற்காலிக அனுமதி வாங்கியவர்கள் ஊருக்குப் போனால் நாட்களை எண்ணுங்கள், 2025 வரை 12 மாதத்தில் 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாகச் சிக்கலாக இருந்தது, பிறகு விதியைத் தளர்த்தினார்கள். கவுன்சில் டாக்ஸ் பில், பி60 என்கிற சம்பள வரிச் சான்று, ஜி.பி. டாக்டர் கடிதம் எதையும் கிழித்துப் போடாதீர்கள். நான் வருடத்துக்கு ஒரு ஃபைல், நீல நிறம். புதுப் பாஸ்போர்ட் எடுத்தால் அன்றைக்கே ஆன்லைன் கணக்கில் எண்ணை மாற்றுங்கள், இல்லாவிட்டால் விமான நிலைய கவுன்டரில் நின்று வியர்க்கும். கையில் அட்டை எதுவும் தரவில்லை என்பதால் வீட்டுக்காரரோ வேலை கொடுப்பவரோ கேட்டால் ஆன்லைனில் ஷேர் கோடு என்ற சரிபார்ப்பு எண் எடுத்துக் கொடுக்க வேண்டும், அதுவும் 90 நாள்தான் செல்லும். குடியுரிமை எடுக்கப் போகிறவர்கள் முதலில் பழைய நாடு விடுகிறதா என்று பாருங்கள். ஹாலந்து பொதுவாக இரண்டு வைத்திருக்க விடாது.

அப்புறம் ரோல்ஸ் விஷயம். மீன் என்றால் பொதுவாகப் பிரச்சினை இல்லை, தடை இறைச்சிக்கும் பாலுக்கும்தான். அடுத்த முறை மீன் ரோல்ஸ் செய்யச் சொல்லுங்கள்.

60 ரோல்ஸ்

அம்மாவிடம் போய் மீன் ரோல்ஸ் என்று சொல்லும் தைரியம் உங்களுக்கு இருந்தால் நம்பர் தருகிறேன், நீங்களே சொல்லுங்கள்.

வார்டு ராத்திரி ஷிஃப்ட்

முசிறி, ஒன்று கேட்கட்டுமா? பிறகாவது உங்கள் அம்மா வந்தார்களா?

முசிறிக்காரன்

இல்லை. வருகை விசாவில் ஒரு தடவை வந்தார், ஆறு மாதம் முடியுமுன்பே குளிர் தாங்காமல் கிளம்பிவிட்டார். பெற்றோர் விதி அன்று எப்படி இருந்ததோ இன்றும் அப்படியேதான். வெளியேறினால் ஒன்றியத்துக்காரர்களுக்கு இருந்தது போகுமே தவிர, எனக்கு எங்கிருந்து வரும்? இந்தக் கணக்கு அன்று புரியவில்லை. அந்தப் பாட்டி 2018ல் கடைக்கு வருவதை நிறுத்தினார். நாற்காலி மட்டும் கிடந்தது, அதில் உருளைக்கிழங்கு மூட்டை வைத்திருந்தார்கள்.

ஃபைல் மாமா சொன்னது சரி. அக்கா பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்தபோது ஹாலந்தை விட வேண்டியிருந்தது. "இது எனக்கு மூண்டாவது நாடு தம்பி" என்றார்.

2024 ஜூலை 4, பொதுத்தேர்தல். சாவடி வரிசையில் எனக்கு முன்னால் அக்கா, கையில் பிரிட்டனின் நீலப் பாஸ்போர்ட். இப்போது போட்டோ அடையாள அட்டை இல்லாமல் சீட்டுத் தர மாட்டார்கள். பாக்கெட்டைத் தடவினேன், பர்ஸ் வீட்டில்.

"ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாங்கோ, நான் இடம் பிடிச்சு வைக்கிறன்" என்றார். நான் திரும்பியதும் பின்னாலிருந்து சத்தமாக, "இந்த முறை மழை இல்லை, சாட்டுச் சொல்லேலாது!"

எட்டு வருடம் ஞாபகம் வைத்திருக்கிறார். திரும்பி வந்து அவருக்குப் பின்னால் நின்றேன். வெங்காய விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே உள்ளே போனோம்.