கபடிப் பையனுக்குத் தடை: தோளில் தூக்கியவர்களே இன்று திட்டுகிறார்கள், என்ன செய்யலாம்?

குடியாத்தம்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வேலூர், ஆம்பூர் பக்கம் கபடி பார்க்கிறவர்களுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். கல்லூரியின் பெயரும் பையனின் பெயரும் இங்கே வேண்டாம், தெரிந்தவர்களும் தயவுசெய்து எழுதாதீர்கள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஜெயித்த நம் பக்கத்து அணியிடமிருந்து கோப்பையைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். காரணம், அணியின் முக்கிய ரைடர், அதாவது எதிர்ப்பக்கம் பாடிப் போகிறவன், ரெகுலர் மாணவனே இல்லை, அஞ்சல் வழிப் படிப்பில் சேர்ந்தவன், ஆனால் படிவத்தில் முழுநேர மாணவன் என்று போட்டு அனுப்பியிருக்கிறார்கள். புகார் போய், விசாரித்து, பையனுக்கு இரண்டு வருடம் தடை, அணியின் வெற்றி ரத்து, கூட ஆடிய பையன்களின் சான்றிதழும் செல்லாது.

பையன் எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான். பொங்கல் நேரத்தில் ஊர் ஊராக நடக்கிற போட்டிகளில் ஆடி வளர்ந்தவன். போனஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காலை வைத்து, மற்றக் காலைத் தூக்கி, எதிரணியில் கார்னரில், அதாவது ஓரத்தில், நிற்பவன் கணுக்காலைப் பிடிக்கக் குனிகிற அந்த நொடியில் இடுப்பைத் திருப்பிக்கொண்டு வெளியே வருவான் பாருங்கள், அதைப் பார்க்கவே பேரணாம்பட்டிலிருந்து வண்டி போட்டுக்கொண்டு வருவார்கள். அவன் அம்மா ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். முதலில் ஒரு கல்லூரியில் சேர்ந்து, பாதியில் நின்று, அவனும் கொஞ்ச நாள் அதே வேலைக்குப் போனான். அப்புறம்தான் இந்தக் கல்லூரிக்காரர்கள் ஒரு போட்டியில் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார்கள்.

என் கேள்வி தீர்ப்பைப் பற்றியது இல்லை, நம்மைப் பற்றியது. ஜெயித்த அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லோர் ஸ்டேட்டஸிலும் அவன் படம்தான். இப்போது அதே ஆட்கள் “திருட்டுப் பையன்”, “ஊர் மானத்தை வாங்கிட்டான்” என்று போடுகிறார்கள், அவன் அம்மாவின் படத்தை எடுத்துப் போட்டு ஒருவன் எழுதியதைச் சொல்லவே மனசு வரவில்லை. இன்னொரு பாதி, புகார் கொடுத்தவனை அடிக்க வேண்டும் என்கிறது, எல்லாக் கல்லூரியும் செய்வதுதான், நம்மை மட்டும் பிடித்தார்கள் என்கிறது. எனக்கு இரண்டு பக்கமும் பிடிக்கவில்லை. அவன் ஆட்டத்தை ரசித்தவர்கள் இந்த நேரத்தில் அவனுக்கு என்ன செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆரணி_கார்னர்:

அண்ணா, நான் அரையிறுதியில் உங்களிடம் தோற்ற கல்லூரிப் பக்கம். அதனால் கொஞ்சம் சூடாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பையன் நல்ல ஆட்டக்காரன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் அணியில் லெஃப்ட் கார்னர் ஆடுகிற ஒரு பையன் இருக்கிறான், கடைசி வருடம். பல்கலைக்கழக அணிக்கு எத்தனை பேர்? ஏழு பேர் உள்ளே, ஐந்து பேர் வெளியே, மொத்தம் பன்னிரண்டு. தேர்வாளர்கள் யாரைப் பார்க்கிறார்கள்? ஜெயித்த அணியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். உங்களிடமிருந்து கூட்டமாக எடுத்தார்கள், எங்கள் பையன் பெயர் வரவில்லை. சவுத் ஜோன், அதாவது தென் மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போய், அங்கிருந்து மேலே போய்ப் பதக்கம் வாங்கினால் அந்தச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ரயில்வேயில் தனியாக எடுக்கிறார்கள். சத்துவாச்சாரியில் இத்தனை பையன்கள் விடியற்காலையில் எழுந்து இரும்பு தூக்கப் போவது வெறும் ஆசைக்காகவா? அந்த ஊர்ப் பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்டு கோஸ்ட்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கியதைப் பார்த்து, நமக்கும் ஒரு வழி பிறக்கும் என்றுதான் போகிறார்கள்.

எங்கள் பையனும் அப்படித்தான் ஆடினான், தினமும் வகுப்புக்குப் போய், வருகைப்பதிவு குறையாமல் பார்த்துக்கொண்டு, மாலையில் பயிற்சிக்கும் வந்து. அவனுக்கு இனி அடுத்த வருடம் கிடையாது. உங்கள் குழுவில் அவனைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதினார்களா? புகார் கொடுத்தவனை அடிக்க வேண்டும் என்று மட்டும் எழுதினார்கள்.

அம்மா படத்தைப் போட்டது கேவலம். அதை எங்கள் பக்கத்து ஆள் போட்டிருந்தால் சொல்லுங்கள், நானே போய்ப் பேசுகிறேன்.

பாலாற்றங்கரை:

எல்லாக் கல்லூரியும் செய்வதுதான் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்படி என்றால் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள், விசாரிக்கட்டும். நம் ஆள் மாட்டினால் மட்டும் ஊரே செய்கிறது என்பதும், எதிர் அணி மாட்டினால் நேர்மை பேசுவதும் நல்லா இல்லை.

கொலம்பஸ்_வேலூரான்:

ஊர் காட்பாடி, இப்போது அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் இருக்கிறேன். இங்கே கல்லூரி ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால்) என்பது ஒரு லட்சம் பேர் உட்கார்ந்து பார்க்கிற ஆட்டம். இங்குள்ள ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் ரசிகர்கள் நீங்கள் சொன்ன அத்தனையையும் பட்டுத் தேர்ந்தவர்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

2010 டிசம்பரில் இந்த அணியின் ஐந்து வீரர்கள் மாட்டினார்கள், அதில் முதன்மை ஆட்டக்காரன் டெரெல் பிரையரும் ஒருவன். கல்லூரி வீரன் தன் ஆட்டப் பெயரை வைத்துக் காசு பார்க்கக் கூடாது என்பது அன்றைய விதி. செய்தது என்ன? தங்களுக்குக் கிடைத்த மோதிரம், ஜெர்சி மாதிரியான பொருள்களை விற்றது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துப் பச்சை குத்திக்கொண்டது. அடுத்த சீசனில் ஐந்து ஆட்டங்களுக்குத் தடை என்றார்கள். ஆனால் சில நாளில் நடக்க இருந்த சுகர் பவுல் என்ற பெரிய ஆட்டத்தில் மட்டும் ஆட விட்டார்கள், ஜெயித்தும் விட்டார்கள். டிக்கெட் விற்கிற ஆட்டத்துக்கு வீரன் வேண்டும், தண்டனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு எல்லோருக்கும் அன்றே புரிந்தது. பின்னால் 2010 சீசன் வெற்றிகளையே ரத்து செய்தார்கள். பயிற்சியாளர் ஜிம் டிரெசலுக்கு அந்த ஏப்ரலிலேயே மின்னஞ்சலில் விஷயம் வந்திருந்தது, அவர் மேலே சொல்லவில்லை, அது வெளியே வந்து 2011 மே மாதம் பதவி விலகினார். 2012-இல் அணி ஓர் ஆட்டமும் தோற்காமல் பன்னிரண்டையும் ஜெயித்தது, ஆனால் அந்த வருடம் தடை இருந்ததால் கோப்பைக்கான ஆட்டத்துக்குப் போக முடியவில்லை. ஆடியவர்கள் பலர் அந்தத் தப்பில் சம்பந்தமே இல்லாதவர்கள். குடியாத்தம் அண்ணா, சான்றிதழ் போன உங்கள் மற்றப் பையன்கள் நிலைமைதான் அது.

திட்டிய ரசிகர்கள் பெரும்பாலும் அந்த ஐந்து பேரைத்தான் திட்டினார்கள், பயிற்சியாளர் மீது பலருக்குக் கடைசி வரை மரியாதை போகவில்லை. அது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிற விஷயம், ஏனென்றால் அந்தப் பையன்களுக்கு இருபது வயது, அவருக்குப் பெரிய சம்பளம்.

அதே 2010-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஏ.ஜே. கிரீன் என்ற வீரன் தன் சொந்த ஜெர்சியை 1,000 டாலருக்கு விற்றதற்கு நான்கு ஆட்டத் தடை. அவன் எண் போட்ட ஜெர்சி கடையில் விற்பனைக்கு இருந்தது, அந்தக் காசில் அவனுக்கு ஒரு பைசா கிடையாது. ரெஜி புஷ் என்ற இன்னொரு வீரன் கதை இன்னும் பெரிது. 2005-இல் வாங்கிய ஹைஸ்மன் கோப்பை (சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரனுக்குத் தருவது), கல்லூரியில் இருந்தபோதே அவன் குடும்பம் பணமும் வீட்டு வசதியும் வாங்கியது தெரிந்து 2010-இல் போனது, அவன் கல்லூரிக்கும் 30 உதவித்தொகை இடங்கள் போயின. பிறகு 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று விதியே மாறிவிட்டது. 2024-இல் புஷ்ஷிடம் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்று திட்டிய பல ரசிகர்கள்தான் திருப்பிக் கொடு என்று குரல் கொடுத்தவர்களும்.

ஆனால் ஒன்று, இந்தக் கதைகளைக் காட்டி உங்கள் பையனை விடுவித்துவிட முடியாது. ஜெர்சி விற்றவன் யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை. ஆரணித் தம்பி சொன்ன கார்னர் பையனுக்கு நடந்தது வேறு, அங்கே இன்னொருவன் வாய்ப்பு போயிருக்கிறது. பணம் வாங்கக் கூடாது என்ற விதி நாளைக்கு மாறலாம். படிக்காதவனைப் படிக்கிறான் என்று எழுதக் கூடாது என்ற விதி மாறவும் கூடாது.

பழைய_பி_டி_மாஸ்டர்:

நான் ஓய்வு பெற்ற உடற்கல்வி இயக்குநர். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். படிவம் எப்படிப் போகிறது என்பதைச் சொன்னால் கோபத்தை எங்கே காட்டுவது என்று உங்களுக்கே தெரியும்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், கட்டணம் கட்டிய ரசீது, புகைப்படம் இவ்வளவும் வைத்துப் படிவம் எழுதுவது உடற்கல்வித் துறை. சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று அலுவலகத்தில் பார்க்க வேண்டும். அப்புறம் முதல்வர் கையெழுத்து, முத்திரை. பையன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவான், பல பேர் படித்துக்கூடப் பார்ப்பதில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிறது சார் என்று நிற்பான். இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் விதியில் வயது வரம்பு இருக்கிறது, முழுநேர மாணவனாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது, ஒரே கல்வியாண்டில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு ஆடக் கூடாது என்று இருக்கிறது. இது எதுவும் துறையில் இருப்பவனுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அஞ்சல் வழி மாணவன் ரெகுலர் என்று படிவத்தில் ஏறியிருந்தால், பையன் மட்டும் தனியாக அதைச் செய்திருக்க முடியாது. அவனுக்கு இரண்டு வருடம். எழுதியவருக்கு, முத்திரை போட்டவருக்கு என்ன? அதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும், அந்தக் குழுவில் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கிராமத்துப் பையனை வீட்டுக்கு வந்து கூட்டிப் போகிறார்கள், ஃபீஸ் வேண்டாம், ஹாஸ்டல் சாப்பாடு, ஷூ வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். அவன் அம்மாவுக்குப் பையன் காலேஜ் போகிறான் என்கிற சந்தோஷம். ரெகுலருக்கும் அஞ்சலுக்கும் வித்தியாசம் என்னவென்று அந்த வீட்டில் உட்கார வைத்துச் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னால் அடுத்த வருடத்துக்கு ஆள் கிடைக்காது.

வயது விஷயத்திலும் இதே கதைதான். கிரிக்கெட் வாரியம் 2020-இல் ஒரு நல்ல காரியம் செய்தது: பிறந்த தேதியைத் திருத்தியவர்கள் தாங்களாக வந்து ஒப்புக்கொண்டால் தடை இல்லை, மறைத்து மாட்டினால் இரண்டு வருடம் என்று அறிவித்தார்கள். பையன் பயமில்லாமல் வந்து உண்மையைச் சொல்ல ஒரு கதவு அது. கல்லூரிக் கபடியில் அப்படி ஒன்று இருந்திருந்தால் இந்தப் பையனே போன வருடம் வந்து சொல்லியிருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆரணி_கார்னர்:

சார் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். முத்திரை போட்டவர் பெயர் வெளியே வர வேண்டும், அதற்கு நாங்களும் சேர்ந்து மனு எழுதத் தயார். ஆனால் அவனுக்கு இருபது வயது தாண்டிவிட்டது, வகுப்புக்கே போகாமல் கல்லூரி ஜெர்சி போட்டு இறங்குகிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். தடை இருக்கட்டும். திட்டுவது நிற்கட்டும்.

குடியாத்தம்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஆரணித் தம்பி, உங்கள் கார்னர் பையனைப் பற்றி நான் உண்மையிலேயே யோசிக்கவில்லை, எங்கள் குழுவில் இன்று காலை அதை எழுதினேன். இரண்டு பேர் குழுவை விட்டுப் போனார்கள், போகட்டும். அம்மா படத்தை அட்மினிடம் பேசி அழிக்கச் சொல்லியாயிற்று, போட்டவனையும் நீக்கிவிட்டார்கள்.

பையனை நேற்று போய்ப் பார்த்தேன். வீட்டில்தான் இருக்கிறான், போனை அணைத்து வைத்திருக்கிறான். திரும்ப ஷூ கம்பெனிக்கே போகிறேன் என்கிறான். மாஸ்டர் சார், அவன் இப்போது என்ன செய்ய வேண்டும்?

பழைய_பி_டி_மாஸ்டர்:

முதலில் தடை உத்தரவை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். வாயால் சொன்னது போதாது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தப் போட்டிகளுக்கு என்று அதில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகப் போட்டிக்கு மட்டும் தடை என்றால் மாவட்டக் கபடிக் கழகத்தில் போய் ஓபன் போட்டிக்கு ஆட முடியுமா என்று கேட்கலாம். மேல்முறையீட்டுக்கு நாள் கணக்கு இருந்தால் அதுவும் அந்தத் தாளில்தான் தெரியும். தான் எப்படிச் சேர்க்கப்பட்டான், யார் வந்து கூட்டிப் போனார்கள், படிவத்தை யார் எழுதினார்கள் என்பதை மறைக்காமல் அவனே தன் கையால் எழுதட்டும், தான் அறிந்து செய்த பங்கையும் சேர்த்து. கல்லூரியில் கொடுத்த அசல் சான்றிதழ்களை உடனே திரும்ப வாங்குங்கள், அதைத் தராமல் இழுத்தடிப்பார்கள், நீங்கள் இரண்டு பேர் கூடப் போங்கள். அடுத்த ஜூனில் ஏதாவது அரசுக் கல்லூரியில் ரெகுலராகச் சேரட்டும், வயது இடம் கொடுத்தால் தடை முடிந்த பிறகும் ஆட ஒரு வருடம் மிஞ்சும். படிவம் எழுதும் முன் என்னிடம் கொண்டுவரச் சொல்லுங்கள், நான் வேலூரில்தான் இருக்கிறேன், தனிச் செய்தியில் நம்பர் அனுப்புகிறேன்.