கீழ்த்தாடையைப் பின்னுக்கு நகர்த்தினால் நாக்குக்கும் மூச்சுக்கும் என்ன ஆகும்?

குத்தாலம் வாசகர் (கேள்வி):
வணக்கம். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக நாகசுரம் வாசித்து வருகிறது. என் தம்பிக்கு வயது 22. கீழ்த்தாடை முன்னே துருத்தியிருப்பதால் முன்பற்கள் பொருந்துவதில்லை; ஒன்றரை ஆண்டாகப் பல்லில் கம்பி போட்டிருக்கிறான். அடுத்து அறுவைச் சிகிச்சை செய்து, கீழ்த்தாடையை 7 மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்த வேண்டும் என்கிறார் மருத்துவர். ஆனால் அவன் இப்போதே குறட்டை விடுகிறான்; மல்லாந்து படுத்தால் கூடம் வரை கேட்கிறது. தாடையோடு நாக்கும் பின்னே போய்த் தொண்டையை அடைக்காதா? நாகசுரத்தில் செருகி ஊதும் சீவாளியைக் கவ்வும் உதடும், ஊதும்போது 'து' என்று தட்டித் துத்துகாரம் பிடிக்கும் நாக்கும் பழையபடி இருக்குமா?

தஞ்சாவூர் பல் மருத்துவர்:
உங்கள் அச்சம் நியாயமானது. நாக்கின் முக்கியமான தசை, கீழ்த்தாடையின் உட்புறம், முகவாய்க்கு நேர் பின்னே இருக்கும் சிறு எலும்பு முகடுகளில் பற்றியிருக்கிறது. கழுத்தின் மேற்பகுதியில் உள்ள நாவடி எலும்பும் தசைகளால் அதே தாடையோடு பிணைந்தது. தாடை பின்னே போகும்போது நாக்கின் பருமன் குறைவதில்லை, இடம்தான் குறைகிறது. எனவே அது பின்னாலும் கீழேயும் ஒதுங்க, நாக்கின் அடிக்கும் தொண்டையின் பின்சுவருக்கும் இடைப்பட்ட மூச்சு வழி குறுகுகிறது. பலருக்கு இதனால் தொல்லை வருவதில்லை. ஏற்கெனவே குறட்டை உள்ளவருக்கு அப்படி எண்ணி விட்டுவிடக் கூடாது.

எனவே முதலில் தூக்கப் பரிசோதனை செய்யுங்கள். மூச்சு நின்றோ குறைந்தோ போவது மணிக்கு 5 முறைக்குக் கீழ் இருந்தால் இயல்பு. 30க்கு மேல் போனால் கடுமையான தூக்க மூச்சுத்தடை. அத்தகையோருக்கு இரு தாடைகளையும் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் முன்னே கொண்டுவருவதே ஒரு சிகிச்சை என்பதிலிருந்து, தாடை நகரும் திசை மூச்சுக்கு எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும். உங்கள் தம்பிக்கும், முழு 7 மில்லிமீட்டரையும் கீழ்த்தாடையிலேயே எடுக்காமல், மேல்தாடையைக் கொஞ்சம் முன்னே கொண்டுவந்து, மிச்சத்தை மட்டும் கீழே எடுக்க இயலுமா என்று கட்டாயம் கேளுங்கள்.

வாசிப்பைப் பொறுத்தவரை, நாக்கைவிடக் கீழுதட்டைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுவேன். அதற்கு உணர்வு தரும் நரம்பு தாடையெலும்புக்குள்ளேயே ஓடுகிறது. அறுவைக்குப் பின் உதடும் முகவாயும் மரத்துப்போவது சாதாரணம். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் உணர்வு திரும்பும், சிலருக்கு ஓரளவு மரப்பு நிலைத்துவிடும். நாகசுரக்காரர் என்பதை அறுவை நிபுணரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

திருவாரூர் வாசகர்:
மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கு இரு தாடைகளிலும் அறுவை நடந்தது. ரப்பர் பேண்டுகளால் வாய் கட்டுண்டிருந்த முதல் நாட்களில், வடிகஞ்சியைச் சிரிஞ்சில் எடுத்துக் கன்னத்தோரமாக விட்டுக்கொண்டு, மூன்று தலையணைகளில் சாய்ந்தே தூங்கினேன். நாக்கு எப்பக்கம் திரும்பினாலும் பல்லில் முட்டியது. ழகரத்துக்கு அது மடிய இடமில்லாததுபோல் இருந்ததால், 'விழா' என்பது 'விளா' என்றே வந்தது. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பேச்சு சரியானது. மூச்சுத் தொல்லை வரவில்லை. ஆனால் கீழுதட்டின் இடது ஓரம் இன்றும் மரத்தே இருக்கிறது. காபி வழிந்தால் டபராவில் சொட்டிய பிறகே எனக்குத் தெரிகிறது.

குத்தாலம் வாசகர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தக் காபிச் சொட்டைப் படித்துவிட்டுத் தம்பி வெகுநேரம் சீவாளியைக் கையிலேயே வைத்திருந்தான். தை முகூர்த்தங்களுக்கு ஒப்புக்கொண்டவை முடியட்டும் என்று அறுவையைத் தள்ளிவைத்து, தூக்கப் பரிசோதனைக்கு அடுத்த வாரம் போகிறோம். அறுவைக்குப் பின் எப்போது வாசிக்கத் தொடங்கலாம்?

தஞ்சாவூர் பல் மருத்துவர்:
வெட்டிய எலும்பு ஓரளவு கூடவே 6 முதல் 8 வாரம் ஆகும். மேல்தாடையிலும் கை வைத்தால், முதல் சில வாரங்களுக்கு மூக்கைச் சிந்துவதுகூட ஆகாது. அறுவை செய்தவர் பார்த்து அனுமதிக்கும் வரை சீவாளியை வாயில் வைக்க வேண்டாம்.