வள்ளி கும்மி பயிற்சிக்கு நடத்தை விதி எழுதி வைக்கணுமா? என்னென்ன சேர்க்கணும்?

நொய்யல்கரை கேட்டது:

வணக்கங்க. பல்லடம் பக்கம் எங்க ஊர்ல தைப்பூசத்துக்கு வள்ளி கும்மி (வள்ளி கதையைப் பாடிக் கைதட்டி வட்டமா ஆடற ஆட்டம்) அரங்கேற்றம் வைக்கலாம்னு பேசியிருக்கோம். 60 பேர் பேர் கொடுத்திருக்காங்க. அதுல 20 பேர் 8 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்க. மீதி 40 பேரும் பெண்கள், 65 வயசுக்காரங்களும் இருக்காங்க. ஆசிரியர் வெளியூர்க்காரர். வாரம் மூணு நாள், ராத்திரி 7 முதல் 9 வரை, கோயில் முன்னால இருக்கற சிமெண்ட் தளத்துல பயிற்சி.

ஒரு பக்கத்துக்கு விதி எழுதி ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடலாம்னு சிலர் சொல்றாங்க. "குருகிட்டப் போய் கையெழுத்துக் கேக்கறதா"ன்னு பெரியவங்களுக்கு மனசில்லை. எழுதறதா இருந்தா எதையெல்லாம் விடக் கூடாது?

சலங்கை_கோபி:

எழுதுங்க, முதல் வகுப்புக்கு முந்தியே எழுதுங்க. குருமேல மரியாதை ரொம்ப இருக்கற இடத்துலதான் இது அவசியம். ஏன்னா அங்கதான் யாரும் வாய் திறந்து கேள்வி கேக்க மாட்டாங்க. நாளைக்கு யாராவது வீண்பழி சொன்னா அந்தக் காகிதம் ஆசிரியருக்கும் துணை நிக்கும். பெரியவங்ககிட்ட இந்த நன்மையைத்தான் எடுத்துச் சொல்லணும். இங்கிலாந்துல சமூக நடன ஆசிரியர்களுக்குன்னு இருக்கற பீப்பிள் டான்சிங் அமைப்பு இதுக்காகவே நடத்தை விதித் தொகுப்பு வச்சிருக்குதுங்க.

குழந்தைங்க விஷயத்தை முதல்ல வையுங்க. அங்கத்த குழந்தைப் பாதுகாப்பு அமைப்பு என்எஸ்பிசிசி சொல்ற கணக்கு: 4 முதல் 8 வயசு வரைக்கும் 6 பேருக்கு ஒரு பெரியவர், 9 முதல் 12க்கு 8 பேருக்கு ஒருத்தர், அதுக்கு மேல 10 பேருக்கு ஒருத்தர். உங்க 20 குழந்தைங்களுக்கு ஆசிரியர் போக மூணு அம்மாமாராவது ஆடாம, மேற்பார்வைக்கு மட்டும் நிக்கணும். "நாங்களும் ஆடிக்கிட்டே பாத்துக்கறோம்"னா ரெண்டு பாட்டுல குழந்தைங்க கண்ணுல இருந்து மறைஞ்சிரும்.

9 மணிக்கு யார் வந்து கூட்டிப் போறாங்கன்னு வருகைப் பதிவேட்டுலயே ஒரு கட்டம் போடுங்க. ஆசிரியரோட வண்டியில தனியா எந்தக் குழந்தையும் ஏறக் கூடாது, தெரிஞ்ச வீட்டுப் புள்ளையா இருந்தாலும். வாட்ஸப் குழுவுல பெத்தவங்க எண் மட்டும்தான். ஆசிரியர் குழந்தைக்குத் தனியா செய்தி அனுப்பறதும், குழந்தை அனுப்பினா பதில் போடறதும் வேண்டாம்.

ரீல்ஸ் எடுக்கறவங்க இப்ப எல்லா மைதானத்துலயும் நிக்கறாங்க. பெத்தவங்க எழுத்துல சம்மதம் தராத குழந்தையோட முகம் எதுலயும் வரக் கூடாது. சம்மதம் தந்தாலும் பேர், பள்ளிக்கூடம், ஊர் மூணையும் சேர்த்துப் போடாதீங்க.

தாராபுரம் தவில்:

தளம் பத்திச் சொல்றேனுங்க. வெறுங்காலோட சிமெண்ட்டுல சுத்தற அடி (கால் வைப்பு) போடறப்ப பாதம் ஒட்டிக்கும், உடம்பு திரும்பும், நடுவுல மாட்டறது முட்டி. கணுக்கால் வலியும் குதிகால் வலியும் ரெண்டாவது வாரம் வாக்குல ஆரம்பிக்கும். அப்ப "வலி பழகிப் போகும்"னு சொல்ற ஆசிரியரை நம்பாதீங்க. முடிஞ்சா மண் தரைக்கு மாத்துங்க. கல், கண்ணாடிச் சில்லு இல்லாம கூட்டி, லேசாத் தண்ணி தெளிச்சா போதும். சேறாகற அளவுக்கு வேண்டாம், வழுக்கும்.

இடம் போதுமான்னும் கணக்குப் பாருங்க. 40 பேருக்கு ஆளுக்கு 4 அடி விட்டா வட்டத்தோட சுற்றளவு 160 அடி, குறுக்களவு சுமார் 51 அடி. உள்வட்டத்துல 20 குழந்தைங்கன்னா குறுக்கே 25 அடி. ரெண்டு வட்டத்துக்கும் நடுவுல கை வீச இடம் இருக்கும். 40 அடித் தளத்துல இத்தனை பேரை அடைச்சா வேகம் ஏறறப்ப முழங்கை மூஞ்சியில படும், முன்னால ஆடறவங்க கால்ல பின்னால ஆடறவங்க மிதிப்பாங்க.

கும்மி குனிஞ்சு நிமிர்ற ஆட்டம். குனியறப்ப முதுகைக் கூன் போடாம இடுப்புல இருந்து சாயணும், முட்டி கால் விரல் போற பக்கமே மடங்கணும். 50 தாண்டினவங்களுக்கும் மூட்டு வலி உள்ளவங்களுக்கும் பாதிக் குனிவு போதும், கைதட்டு தாளத்துல விழுந்தா அழகு குறையாது. இதை ஆசிரியரே முதல் நாள் எல்லாருக்கும் முன்னால சொல்லணும். இல்லைன்னா வெக்கப்பட்டுக்கிட்டு முழுசாக் குனிஞ்சு படுத்துக்குவாங்க.

தொடக்கத்துல 10 நிமிஷம் உடம்பை இளக்கற நடை, 20 நிமிஷத்துக்கு ஒருக்கா தண்ணி. சர்க்கரை இருக்கறவங்க வெறும் வயித்துல வரக் கூடாது, ஆடி முடிச்சுப் பாதத்தை வெளிச்சத்துல பாக்கணும். உணர்ச்சி குறைஞ்ச கால்ல முள் குத்தினாலும் தெரியாது. அவங்களுக்கு மட்டும் மெல்லிசான செருப்புக்கு அனுமதி கொடுங்க. ஒலிபெருக்கியை 10 மணிக்கு நிறுத்தறது 2000-ஆம் வருஷ ஒலி மாசு விதி, உங்க நேரத்துக்கு அது பிரச்சனை இல்லை.

நொய்யல்கரை:

ரொம்ப நன்றிங்க. ரெண்டு சந்தேகம். அடி திருத்தறப்ப ஆசிரியர் தொடலாமா? சேலை, மேடைச் செலவை எப்படி எழுதறது?

சிவன்மலை அடிவாரம்:

தொடாமலே பெரும்பாலும் திருத்த முடியுமுங்க. ஆசிரியர் வட்டத்துக்கு நடுவுல எதிர்முகமா நின்னா இடது வலது மாறித் தெரியும், அதனாலதான் பாதிப் பேர் தப்பா வைக்கறாங்க. அவரும் வட்டத்துல சேர்ந்து அதே திசையில ஆடிக் காட்டினா பாதித் தப்பு தானாப் போயிரும். தொட்டே ஆகணும்னா "தோளைத் தொட்டுக் காட்டட்டுமா"ன்னு எல்லார் காதுலயும் விழற மாதிரி கேட்டுட்டு, தோள் இல்லைன்னா முழங்கை மட்டும். இடுப்பு, முதுகு கிடையாது. ஒரு காலத்துல ஆம்பளைங்களே ஆடின இந்த ஆட்டத்துக்குப் பெண்களைக் கொண்டு வந்தவர் கோவை மாவட்டத்து பத்ரப்பன் ஐயா, 2024-ல பத்மஸ்ரீ வாங்கினவர். இன்னிக்கு வட்டம் முழுக்கப் பெண்கள், சொல்லித் தர்றது பல ஊர்ல ஆண்கள். அதனால இந்த விதியை மழுப்பாம எழுதுங்க.

ஒரு குழந்தை தப்பாத் தொட்டதாச் சொன்னா ஊர்ப் பஞ்சாயத்துல பேசி முடிக்கற விஷயம் இல்லை. குழந்தைங்களைப் பாலியல் குற்றத்துல இருந்து காக்கற 2012 போக்சோ சட்டத்தோட 19-ஆம் பிரிவுப்படி தெரிஞ்ச யாரும் போலீசுக்குச் சொல்லியே ஆகணும். மறைச்சா ஆறு மாசம் வரைக்கும் சிறை. குழந்தைங்களுக்கான உதவி எண் 1098-ஐப் பதிவேட்டு அட்டையிலயே ஒட்டுங்க. குழந்தையோட பேர் வெளிய கசியக் கூடாது.

பணத்துல நாறறது பெரும்பாலும் சேலைதான். கடையில 550 ரூபாய் சேலைக்கு ஆளுக்கு 700 வசூலிச்சா 40 சேலையில 6,000 ரூபாய் எங்க போச்சுன்னு கேள்வி வரும். சேலையை ஊர்க்குழுவே நேராக் கடையில எடுத்து, பில்லைக் குழுவுல போடட்டும். ஆசிரியருக்கு மாசச் சம்பளமா, மொத்தத் தொகையான்னு முன்னாடியே எழுதுங்க. அரங்கேற்றத் தட்சணை அவங்கவங்க விருப்பம்னும் எழுதுங்க. பணம் கட்ட முடியாதவங்களைக் கடைசி வரிசைக்குத் தள்ளற பழக்கம் சில ஊர்ல இருக்குது, அது கேவலம்.

இன்னொண்ணு, நீங்க கேக்காதது. ஊர்ல யாராவது சாதியால கால் வைக்கத் தயங்கற இடமா அந்தக் கோயில் வாசல்? அப்படின்னா தலைமையாசிரியர்கிட்ட அனுமதி வாங்கிப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போங்க. வள்ளி வேடுவர் குலத்துப் பொண்ணு, அவ கதையைப் பாடற வட்டத்துல சாதி பாத்து ஆள் சேர்க்கறது பொருந்தாது. மேடையில கட்சிக் கொடி, சாதிச் சங்க உறுதிமொழி, சாதிக்குள்ளதான் கல்யாணம்கற மாதிரிச் சத்தியம் எதுவும் வேண்டாம்னு தெளிவாச் சேருங்க. ஆட்டம் கத்துக்க வந்த 12 வயசுப் புள்ளைகிட்ட கையை நீட்டிச் சத்தியம் வாங்க யாருக்கும் உரிமை இல்லை. நிகழ்ச்சி நிரலை ஒரு வாரம் முன்னாடியே எல்லார்கிட்டயும் காட்டிருங்க.

சலங்கை_கோபி:

பாட்டு எழுதினவர் பேரையும் மேடையில சொல்லணும்னு ஒரு வரி போடுங்க. அரங்கேற்றம் முடிஞ்சு மறுவாரமே தனிக் குழு ஆரம்பிக்கறவங்களுக்கும் ஒரு வரி வேணும்: குறைஞ்சது இன்னொரு குழுவுக்கு உதவி ஆசிரியரா முழுசா நின்ன பிறகுதான். அடி தெரியறது வேற, 60 பேர் முட்டியைப் பாத்துக்கறது வேற.

பக்கத்தை ரெண்டு பிரதி எடுத்து, முதல் வகுப்புல ஒருத்தர் சத்தமாப் படிச்சுக் காட்டுங்க, படிக்கத் தெரியாத பாட்டிமாரும் வட்டத்துல இருப்பாங்க.